ஒரு 'அ' தட்டினால் உள்ளே என்ன நடக்கிறது: புதியவர்களுக்கு கணினி ஹார்டுவேர்

கணினியைத் தினமும் பயன்படுத்துகிற பலரிடம் ராம் என்றால் என்ன, ஹார்டு டிஸ்க் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், "இரண்டும் மெமரிதானே" என்றுதான் பதில் வரும். இந்த ஒரு குழப்பம் போதும். கணினி மெதுவானால் போட்டோக்களை அழித்துப் பார்ப்பார்கள், பெரும்பாலும் வேகம் கூடாது, போட்டோ போனதுதான் மிச்சம். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று செய்தி வந்தால் ராம் வாங்கக் கிளம்புவார்கள். மணிக்கணக்காக டைப் செய்த கடிதம் மின்சாரம் போனதும் எங்கே போயிற்று என்று புரியாமல் தவிப்பார்கள்.

ஹார்டுவேர் ஒன்றும் பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற விஷயமல்ல. எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால், கோளாறு வரும்போது எங்கே பார்ப்பது, புதிதாக வாங்கும்போது எதற்குச் செலவழிப்பது, எதை விட்டுவிடலாம் என்பதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுவீர்கள். பாகங்களின் பெயரை வரிசையாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரே ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு அது உள்ளே எங்கெல்லாம் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதுதான் நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். அப்படியே போவோம்.

விசையிலிருந்து திரை வரை

தமிழ் விசைப்பலகையைத் தேர்வு செய்துகொண்டு 'அ' தட்டுகிறீர்கள். கீபோர்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்தடங்கள் ஓடுகின்றன. ஒரு விசையை அழுத்தும்போது ஒரு குறுக்குத் தடமும் ஒரு நெடுக்குத் தடமும் தொட்டுக்கொள்ளும். கீபோர்டுக்குள்ளேயே இருக்கிற சின்ன சிப் ஒன்று இந்தத் தடங்களை ஓயாமல் வரிசையாகச் சோதித்துக்கொண்டே இருக்கும், எந்த இடத்தில் தொட்டது என்று கண்டுபிடித்து அந்த விசைக்கு உரிய எண்ணைக் கணினிக்கு அனுப்பும். கீபோர்டுக்கு 'அ' தெரியாது, தமிழும் தெரியாது, இந்த எண்ணுள்ள விசை அழுத்தப்பட்டது என்பது மட்டும்தான் தெரியும். அதை 'அ' என்று ஆக்குவது விண்டோஸ் போன்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஆகவே ஒன்றைத் தட்டினால் வேறொன்று விழுகிறது என்றால் கீபோர்டைக் குறை சொல்ல வேண்டாம், மொழித் தேர்வைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் நாலைந்து விசைகள் மட்டும் ஒன்றாகச் செத்துப்போனால் அது கீபோர்டுக் கோளாறு, உள்ளே ஒரு தடம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, எழுத்து உள்ளே வந்துவிட்டது. முதலில் அது போய் உட்காரும் இடம் ராம். அங்கேயும் அது எழுத்தாக இல்லை, எண்ணாகத்தான் இருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு அட்டவணையில் 'அ'வுக்கு 2949 என்று எண். இதைக் கோப்பில் எழுதுகிற வழக்கமான முறையில் 224, 174, 133 என்று மூன்று பைட்டுகளாகப் பிரித்து வைப்பார்கள். ஒரு பைட் என்பது எட்டு பிட், ஒரு பிட் என்பது 0 அல்லது 1. ஆங்கில 'ஏ'வுக்கு ஒரே பைட் போதும், பெரிய எழுத்தானால் 65, சின்ன எழுத்தானால் 97. தமிழில் 'கி' என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு 'க' ஒன்று, மேலே வளைகிற இகரக் குறி ஒன்று என இரண்டு. நம்பிக்கை இல்லாவிட்டால் 'கி' என்று தட்டிவிட்டு பேக்ஸ்பேஸை ஒருமுறை மட்டும் அழுத்துங்கள், பெரும்பாலான புரோகிராம்களில் குறி மட்டும் போய் 'க' அப்படியே நிற்கும்.

ராமின் குணம் இரண்டே வரியில் அடங்கும். மிக வேகமாக எழுதலாம், மிக வேகமாகப் படிக்கலாம். ஆனால் மின்சாரம் நின்ற கணத்தில் அதில் இருந்தது போய்விடும். அதிலுள்ள ஒவ்வொரு பிட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும் மின்னூட்டம்தான். அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருப்பதால் ஒரு நொடிக்குள் பலமுறை அதைப் படித்துத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கிறது, அந்த வேலையை ராமும் கணினியும் சத்தமில்லாமல் செய்துகொண்டே இருக்கின்றன. மின்சாரம் நின்றால் நிரப்புவதும் நிற்கும். நீங்கள் சேவ் செய்யாத கடிதம் தொலைவது இதனால்தான், அது அதுவரை டிஸ்குக்குப் போகவே இல்லை. இப்போது பல புரோகிராம்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாங்களாகவே டிஸ்கில் ஒரு நகல் எழுதி வைக்கின்றன, அப்படியும் கடைசியாக எழுதியதற்குப் பிறகு தட்டியவை போகலாம்.

அடுத்தது பிராசஸர். இதைக் கணினியின் மூளை என்று எல்லாரும் எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் அது யோசிப்பதில்லை. ராமில் வரிசையாக இருக்கும் கட்டளைகளை ஒன்று ஒன்றாக எடுத்துச் செய்கிறது, அவ்வளவுதான். இந்த எண்ணை அங்கிருந்து எடு, அந்த எண்ணோடு கூட்டு, இரண்டும் சமமா என்று பார், சமமானால் இந்த இடத்துக்குத் தாவு. இத்தனை எளிய வேலைகளை நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் செய்வதுதான் அதன் பெருமை. 3 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் நொடிக்கு 300 கோடி துடிப்புகள் என்று அர்த்தம். 4 கோர், 8 கோர் என்பது ஒரே சிப்புக்குள் இப்படிக் கட்டளைகளைச் செய்யக்கூடிய பகுதிகள் எத்தனை இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. நீங்கள் தட்டிய 'அ' எந்த வரியில், எந்த இடத்தில் விழ வேண்டும், அதற்குப் பின்னால் இருந்த சொற்கள் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போடுவது இதுதான், அந்தக் கணக்குக்கு அது செலவிடும் நேரம் நம் கண் இமைக்கிற நேரத்தில் மிகச் சிறு பங்கு. அதாவது சும்மா டைப் செய்கிறபோது பிராசஸர் பெரும்பாலும் உங்களுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. புது பிராசஸர் போட்டால் கடிதம் வேகமாக எழுதலாம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த எழுத்தின் வடிவத்தை ஃபாண்ட் கோப்பிலிருந்து எடுத்து, கிராபிக்ஸ் பகுதி அதைப் புள்ளிகளாக வரைகிறது. 1920 குறுக்கே, 1080 கீழே என்று சொல்லப்படும் சாதாரண மானிட்டரில் மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சின்ன விளக்குத் துண்டுகள். வழக்கமான மானிட்டர் நொடிக்கு 60 முறை இத்தனையையும் புதுப்பிக்கிறது. வெள்ளைத் திரையில் ஒரு துளி தண்ணீர் தெறித்தால் அதற்குள் வண்ணவண்ணமாகத் தெரியும், கவனித்திருப்பீர்கள், அந்தத் துளி பூதக்கண்ணாடியாகி இந்த மூன்று நிறத் துண்டுகளைத்தான் பெரிதாகக் காட்டுகிறது.

கடைசியாக நீங்கள் சேவ் கொடுக்கிறீர்கள். அப்போதுதான் ராமிலிருந்த எண்கள் டிஸ்குக்குப் போகின்றன. பழைய வகை ஹார்டு டிஸ்குக்குள் உண்மையாகவே வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன, அவற்றின் மேல் தொடாமல், மிக மிக நெருக்கமாக ஒரு முனை பறந்தபடி காந்தப்புலத்தால் எழுதுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த டிஸ்கை அசைக்காதீர்கள், தட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான், முனை தகட்டைத் தொட்டால் தகவல் போயிற்று. புதிய வகை டிஸ்கான எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, சிப்புகளில் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைக்கிறது. ராமில் இருப்பது போலக் கசிந்துவிடாது, மின்சாரம் இல்லாமலும் நிற்கும். டிஸ்கில் ஏதோ ஓர் இடத்திலிருந்து ஒரு சின்ன கோப்பைத் தேடி எடுக்கப் பழைய ஹார்டு டிஸ்குக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு தேவைப்படும், எஸ்எஸ்டிக்கு அதைவிடப் பலமடங்கு குறைவு. கணினியை ஆன் செய்யும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கோப்புகளை இப்படித் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. பழைய கணினிக்கு எஸ்எஸ்டி மாற்றினால் புத்துயிர் வந்த மாதிரி இருப்பதன் ரகசியம் இதுதான்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி, என்று எழுதியிருந்த டிஸ்கைப் போட்டால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கு வைக்கிறார்கள், விண்டோஸ் 1024 ஆகக் கணக்கு வைக்கிறது, வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

மிச்சமிருக்கும் பாகங்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். இவை எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய பலகை மதர்போர்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்ற குறைந்த வோல்டேஜாக மாற்றித் தருவது பவர் சப்ளை. சூட்டை வெளியேற்ற ஹீட் சிங்க், ஃபேன். இணையத்துக்கு வைஃபை அல்லது நெட்வொர்க் கேபிள். மடிக்கணினியிலும் இதேதான், கூடவே பேட்டரி. உங்கள் கையில் இருக்கும் போனிலும் இதேதான்: பிராசஸர், ராம், ஸ்டோரேஜ், திரை. போன் விளம்பரத்தில் 8 ஜிபி, 128 ஜிபி என்று இரண்டு எண்கள் வருமே, முதலாவது ராம், இரண்டாவது ஸ்டோரேஜ்.

இவை எங்கிருந்து வந்தன

கணக்குப் போடும் இடம் வேறு, எண்களை வைக்கும் இடம் வேறு என்ற யோசனை மின்சாரக் கணினிகளுக்கு நூறு ஆண்டுகள் முந்தியது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830களில் வரைந்த அனலிட்டிக்கல் எஞ்சினில், பல்சக்கரங்களால் ஆன அந்த இயந்திரத்தில், கணக்குப் போடும் பகுதியை மில் என்றும் எண்களை வைக்கும் பகுதியை ஸ்டோர் என்றும் பிரித்திருந்தார். அது முழுதாகக் கட்டப்படவே இல்லை. ஆனாலும் அதில் எப்படிப் படிப்படியாக ஒரு கணக்கைச் செய்யலாம் என்று அடா லவ்லேஸ் 1843இல் விரிவான குறிப்புகள் வெளியிட்டார்.

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் உலகுக்கு அறிமுகமானது. மின்சாரத்தைத் திறந்து மூடும் வேலைக்குக் கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகள் சுமார் 18,000, ஏறத்தாழ 30 டன் எடை, ஒரு பெரிய அறை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. அதில் புரோகிராம் என்பது ராமில் இருக்கும் விஷயமல்ல, கேபிள்களைப் பிடுங்கிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி வைப்பதுதான் புரோகிராம். ஒரு கணக்கிலிருந்து வேறொன்றுக்கு மாற்ற நாள் கணக்கில் ஆகும். அந்த வேலையைச் செய்தவர்கள் கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன் என்ற ஆறு பெண்கள். படித்துத் தெரிந்துகொள்ள அன்று புரோகிராமிங் புத்தகம் என்று ஒன்று கிடையாது, இயந்திரத்தின் மின்சுற்றுப் படங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். அவர்கள் பெயர் வெளியே வரப் பல பத்தாண்டுகள் ஆனது. கணினி வரலாறு சொல்லும் யாரும் இந்த ஆறு பேரைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

கேபிள் மாற்றும் வேதனைக்கு முடிவு 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் வந்தது. பேபி என்று செல்லமாக அழைக்கப்பட்ட இயந்திரம் தன் மின்னணு நினைவகத்தில் வைக்கப்பட்டிருந்த புரோகிராமை அன்று முதன்முதலாக ஓட்டியது. அதன் நினைவகம் முழுவதும் சேர்த்தே 1024 பிட், அதாவது 128 பைட். நம்முடைய 'அ'வை மூன்று பைட் வீதம் வைத்தால் 42 'அ' போடலாம், அதோடு சரி. ஆனாலும் கட்டளையும் தகவலும் ஒரே நினைவகத்தில் இருக்கலாம் என்ற அந்த ஏற்பாடுதான் இன்றைக்கும் உங்கள் மேசையில் இருக்கிறது. ஒரு புரோகிராமைத் திறப்பது என்றால் டிஸ்கிலிருந்து அதை ராமுக்குக் கொண்டுவருவதுதான்.

வால்வு இருந்த இடத்துக்கு, அதே வேலையைச் செய்யும் மிகச் சின்ன சுவிட்சான டிரான்சிஸ்டர் வந்தது. பெல் ஆய்வகத்தில் 1947 டிசம்பரில் பிறந்த அது சூடாகிச் சூடாகிப் பியூஸ் போகவில்லை, இடமும் அடைக்கவில்லை. 1958இல் ஜாக் கில்பியும் அடுத்த ஆண்டு ராபர்ட் நாய்ஸும் பல பாகங்களை ஒரே துண்டில் செய்யும் வழியைத் தனித்தனியாகக் கண்டார்கள், சிப் பிறந்தது. 1971இல் இன்டெல் 4004 வந்தபோது ஒரு பிராசஸரின் மொத்த வேலையும் ஒரே சிப்புக்குள் அடங்கியது, அதில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சிப்பில் 1,600 கோடி.

டிஸ்கின் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்கில் 24 அங்குல அகலத்தில் 50 தகடுகள், எடை கிட்டத்தட்ட ஒரு டன், அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளை வைத்துக்கொண்டது. இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதை நிரப்பிவிடும்.

1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பர்ட் மவுஸை மேடையில் இயக்கிக் காட்டினார். நான்கு ஆண்டுகள் முன்பு செய்யப்பட்ட முதல் மாதிரி மரப்பெட்டி, அடியில் இரண்டு சக்கரம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. தொடக்கநிலை மாதிரியில் ராம் 16 கேபி, அதாவது சுமார் 16 ஆயிரம் பைட். அதைவிட முக்கியம், அதன் பாகங்களைப் பெரும்பாலும் வெளியாரிடம் வாங்கிப் போட்டார்கள், இணைப்பு முறைகளையும் வெளிப்படையாக வைத்தார்கள், மற்ற கம்பெனிகள் அதே மாதிரி செய்யத் தொடங்கின. இன்று ஒருவர் செய்த ராமை இன்னொருவர் செய்த மதர்போர்டில் மாட்ட முடிகிறதென்றால் அதற்கு வேர் அங்கே இருக்கிறது. கீபோர்டுக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று என்று வேறுவேறு துளைகள் இருந்த காலத்தை 1996இல் வந்த யுஎஸ்பி மெல்ல முடித்துவைத்தது.

உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி

விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். பிராசஸரின் பெயரும் ராமின் அளவும் அங்கேயே இருக்கும். மேக் என்றால் இடது மேல் மூலையில் ஆப்பிள் சின்னத்தை அழுத்தி அபவுட் திஸ் மேக். இதைவிட நல்ல இடம் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும், அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்துக்குப் போனால் சிபியு (பிராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் மூன்றும் வரைபடமாக ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க் எஸ்எஸ்டியா பழைய ஹார்டு டிஸ்கா என்பதையும் அதுவே எழுதிக் காட்டும்.

கணினி மெதுவாக இருக்கும் நேரத்தில், மெதுவாக இருக்கும்போதே, இதைத் திறந்து பாருங்கள். ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பார்த்தால் குற்றவாளி ஓடிப்போயிருப்பான்.

மெமரி எந்நேரமும் 90 சதவீதத்துக்கு மேல் நின்றால் ராம் போதவில்லை. ராம் தீர்ந்தால் கணினி நின்றுவிடாது, ராமில் இருப்பதில் ஒரு பகுதியை டிஸ்குக்கு நகர்த்தி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுத்துவரும், டிஸ்க் ராமைவிட மிக மெதுவானது என்பதால் ஒவ்வொரு கிளிக்குக்கும் நீங்கள் காத்திருக்க நேரும். பிரவுசரில் திறந்து கிடக்கும் டேபுகளை முதலில் மூடுங்கள், ஒவ்வொன்றும் ராமில் இடம் பிடித்திருக்கிறது. அப்படியும் குறையாவிட்டால் ராம் கூட்டுவது பற்றி யோசிக்கலாம்.

ராம் தாராளமாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிமிடக் கணக்கில் நிற்கிறது, டிஸ்கும் பழைய சுழலும் வகை என்றால் எஸ்எஸ்டி மாற்றுவதற்கு ஈடாக வேறு எந்த மாற்றமும் இல்லை. இதை அடித்துச் சொல்வேன். எஸ்எஸ்டியே இருந்தும் மெதுவென்றால் அது நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டு வைப்பது நல்லது.

சிபியு 100 சதவீதத்தில் நின்றால் எந்த புரோகிராம் அதைத் தின்கிறது என்று அதே ஜன்னலில் பட்டியல் இருக்கும். அப்டேட்டோ வைரஸ் ஸ்கேனோ ஓடுகிறதென்றால் முடியும்வரை விட்டுவிடுங்கள். எண் உயரவே இல்லை, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மெதுவாகிறது, ஃபேன் சத்தம் போடுகிறது, அடிப்பகுதி கொதிக்கிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியை மெத்தை மேல் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு இதுதான் நடக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் 8 தொடங்கி, ஷட் டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இயங்கும் கணினிகளில் சிஸ்டத்தின் உள்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். சீக்கிரம் ஆன் ஆகும், சரிதான், ஆனால் உள்ளே இருந்த சிக்கலும் கூடவே திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுக்கப் புதிதாகத் தொடங்கும். ஸ்லீப் என்பது வேறு, அதில் ராமுக்கு மட்டும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஹைபர்னேட் என்றால் ராமில் உள்ள அனைத்தையும் டிஸ்கில் எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்திவிடும்.

பெட்டியைத் திறப்பதானால்

மேசைக் கணினியைத் திறப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை, அவசரப்படாமல் இருந்தால் போதும். ஷட் டவுன் செய்து, பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பிறகு ஆன் பட்டனை ஒருமுறை சில நொடி அழுத்துங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியவே தெரியாது, சிப்பைக் கெடுக்க அது போதும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள், கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்னூட்டம் இருக்கும்.

ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை என்றால் முதலில் வெளியே பாருங்கள்: மானிட்டரின் விளக்கு எரிகிறதா, கேபிள் இரு முனையிலும் இறுகியிருக்கிறதா, மானிட்டரில் சரியான இன்புட் தேர்வாகியிருக்கிறதா. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டில் இருக்கும் துளையில் அல்ல. இதெல்லாம் சரியென்றால் ராமைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ராம் துளையின் ஓரத்தில் இருக்கும் கிளிப்பை வெளிப்பக்கமாகத் தள்ளினால் ராம் மேலெழும்பும். ஓரங்களைப் பிடித்தே எடுங்கள், தங்க நிறக் கோடுகளில் விரல் படக் கூடாது. திரும்ப மாட்டும்போது ராமின் அடியில் இருக்கும் வெட்டும் துளையில் இருக்கும் மேடும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் சமமாக அழுத்துங்கள். டக்கென்று சத்தம் கேட்டு கிளிப் தானாக மூடும். பலரும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள், அது நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கேட்கும். அதே சமயம் வெட்டு பொருந்தாத ராமை அழுத்தி ஏற்றப் பார்க்காதீர்கள், டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ராமின் தலைமுறைகள், டிடிஆர்4 துளையில் டிடிஆர்5 ஏறாது, வெட்டை இடம் மாற்றி வைத்திருப்பதே அதற்காகத்தான்.

தூசு எடுக்கும்போது ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், காற்றின் வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் கெட்டுப்போகலாம். மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் அந்த மாடலில் ராமை மாற்ற முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இப்போது பலவற்றில் ராமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள்.

எந்த வேலைக்கு எது

கடிதம், கணக்கு ஷீட், மின்னஞ்சல், இணையத்தில் விண்ணப்பம் போடுவது, வீடியோ பார்ப்பது இவ்வளவுதான் என்றால் 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் போதும், தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். பல வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால் 16 ஜிபி எடுங்கள், பிரவுசர்கள் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் கேட்கின்றன. வீடியோ அழைப்பில் முகம் தெளிவில்லை, குரல் எதிரொலிக்கிறது என்றால் கணினியை மாற்றினால் பயனில்லை, முகத்துக்கு எதிரே வெளிச்சமும் காதுக்கு ஒரு ஹெட்செட்டும் அதைத் தீர்க்கும். வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டுகள் என்றால்தான் கிராபிக்ஸ் கார்டும் கூடுதல் கோர்களும் காசுக்கு வேலை செய்யும்.

இன்டெல் பிராசஸரின் பெயரில் ஐ3 என்றால் கீழ் ரகம், ஐ7 என்றால் உயர் ரகம், ஆனால் ஐ7 என்று இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனையாவது தலைமுறை என்பதுதான் பேச்சு. பத்து வருடம் பழைய ஐ7ஐ புதிய ஐ3 தாண்டிப் போய்விடும். பழைய கணினி வாங்குவதானால் டிஸ்க் என்ன வகை, ராம் கூட்ட இடம் இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்ற மூன்றையும் நேரில் ஆன் செய்து பாருங்கள்.

டிஸ்க் சாவதற்கு முன்

இதுவரை சொன்ன எந்தப் பாகம் கெட்டாலும் வேறொன்று வாங்கி மாட்டலாம். டிஸ்கில் இருந்த தகவலை மட்டும் எங்கும் வாங்க முடியாது. ஹார்டு டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வரத் தொடங்கினால் வேறு எதையும் செய்யாமல் முக்கியமான கோப்புகளை உடனே வெளியே எடுங்கள். எஸ்எஸ்டி பெரும்பாலும் அந்த எச்சரிக்கையைக் கூடத் தராது, நேற்று இருந்தது இன்று இல்லை என்று ஆகிவிடும். பென் டிரைவை நம்பி ஒரே பிரதியை வைக்காதீர்கள், அது எடுத்துச் செல்வதற்கு நல்லது, பாதுகாத்து வைப்பதற்கு அல்ல.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். காலகாலமாகச் சொல்லப்படும் இந்த ஏற்பாட்டைவிட எளிதானதை நான் பார்க்கவில்லை. கணினியில் ஒன்று, வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்கில் ஒன்று, இணையத்தில் இருக்கும் கிளவுடில் ஒன்று என்று வைத்தால் மூன்றும் வந்துவிடும். வெளி டிஸ்கை எப்போதும் மாட்டியே வைக்காதீர்கள், வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பிடிக்கும். கழற்றும்போது இஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள், எழுதி முடிந்தது என்று திரை சொன்ன பிறகும் கடைசித் துண்டு சில சமயம் ராமிலேயே காத்துக்கொண்டிருக்கும். நகல் எடுத்த பிறகு அந்த வெளி டிஸ்கை வேறொரு கணினியில் மாட்டி, நடுவிலிருந்து ஏதாவது நாலு போட்டோவும் ஒரு கடிதமும் திறந்து பாருங்கள். திறந்தால்தான் உங்களிடம் நகல் இருக்கிறது.